நோயாளியின் அறையில் மரணத்தைப் பற்றிப் பேசலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் நோயாளி சந்திப்புக் குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். நான் போதகரும் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. வேதத்தையும் ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீரையும் எடுத்துக்கொண்டு வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வருகிறவன், அவ்வளவுதான். நோயாளியின் வீட்டார் வாசல்வரை வழியனுப்ப வந்து, குரலைத் தாழ்த்தி, செருப்பு மாட்டும் நேரத்தில் கேட்ட கேள்விகள் இவை. அங்கே நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்று வேதம் சொல்கிறதே. நோயாளி முன்னால் சாவைப் பற்றிப் பேசினால் அது பலித்துவிடாதா?

பலிக்காது. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். மனிதர்களை அதிகமாகக் கட்டிப்போட்டு வைத்திருப்பதும் இதுதான்.

அந்த வசனம் நீதிமொழிகள் 18:21. வசனத்தைத் தனியாக வெட்டி எடுக்காமல் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எட்டாம் வசனம் கோள்சொல்லுகிறவனைப் பற்றியது. பதிமூன்றாம் வசனம், காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனைப் பற்றியது. பதினேழாம் வசனம் வழக்கிலே முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் தோன்றுவதைச் சொல்கிறது. நம் வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் இப்படி இருக்கிறது: "அரணான பட்டணத்தை வசப்படுத்துவதைப்பார்க்கிலும் கோபங்கொண்ட சகோதரனை வசப்படுத்துவது அரிது." ஆக அந்த அதிகாரம் பேசுவது வழக்கு, வம்பு, உடன்பிறந்தவர்களின் சண்டை பற்றி. ஒரு பொய்ச் சாட்சி ஒருவனைக் கொல்லும், ஒரு நல்ல சொல் ஒரு குடும்பத்தைப் பிழைக்க வைக்கும் என்பது அதன் பொருள். "கேன்சர்" என்று சொன்னால் கேன்சர் வளரும் என்று அங்கே எதுவும் இல்லை.

அதே வேதத்தில் பிரசங்கி 8:8 இருக்கிறது. மரணநாளின்மேல் மனுஷனுக்கு அதிகாரமில்லை என்கிறது. அங்கும் "அதிகாரம்" என்ற சொல்தான். மரணநாள் ஆண்டவர் கையில் இருக்கிறது, நம் நாக்கில் இல்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். வாய் தவறி ஒரு வார்த்தை வந்ததால் அம்மா போய்விட்டார் என்று ஒருவரும் ஆயுசு முழுவதும் சுமக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் நம்பிக்கையாகப் பேசுவது தப்பா? "நீங்க எந்திரிச்சு நடப்பீங்க" என்று சொல்லக் கூடாதா?

இதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுத் தண்ணீரில் சண்டை. பம்புசெட் போடுகிற முறை யாருக்கு எந்த நாள் என்பதில் ஆரம்பித்து, பதினான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே சபை, ஒரே திருவிருந்து. ஆனால் அப்பா வலப்பக்க வாசலில் வருவார், சித்தப்பா இடப்பக்க வாசலில் போவார். அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்து, "ஏல, தம்பிய ஒருக்க வரச் சொல்லு. நான் போறதுக்குள்ள அவன்ட்ட பேசணும்" என்றார். கட்டிலைச் சுற்றி நாங்கள் ஆறேழு பேர் நின்றோம். உடனே எல்லோரும் ஒரே குரலில், "போறதப் பத்திப் பேசாதீங்க, விசுவாசமா பேசுங்க, ஆண்டவர் சுகம் தந்தாச்சு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றோம். சத்தமாகச் சொன்னது நான்தான். அப்பா என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான்காம் நாள் காலையில் போய்விட்டார்.

சித்தப்பா அடக்கத்துக்கு வந்தார். பெட்டியின் கால்மாட்டில் நின்று, "ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தா வந்திருப்பனே" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம்பிக்கையாகப் பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். ஆனால் நாம் நம்பிக்கை என்று சொன்ன அந்த வார்த்தை, சாகப்போகிற ஒரு மனிதரின் வாயை அடைத்தது. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கை செலுத்து என்று மத்தேயு 5:24 சொல்வதை அப்பா செய்யப் பார்த்தார், நான் மறித்தேன். நாவின் அதிகாரம் என்று வேதம் சொல்வதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

மரணத்தை ஒத்துக்கொண்டு பேசுவது விசுவாசக் குறைவு இல்லையா?

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்று ராஜாவிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய தேவர்களுக்கு ஆராதனை செய்யமாட்டோம். அந்த "போனாலும்" விசுவாசக் குறைவு என்று யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். அவரே தன் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). "சுகமாகிவிட்டேன்" என்று துரோப்பீமு சரியாக அறிக்கை செய்யவில்லை என்று குற்றம் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக யோவான் 11. லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு முதலில் சொல்கிறார். சீஷர்களுக்குப் புரியவில்லை. உடனே, "லாசரு மரித்துப்போனான்" என்று வெளிப்படையாய்ச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது. சீக்கிரத்தில் அவனை எழுப்பப்போகிறவர் அவர். அவர் வாயிலேயே அந்த வார்த்தை வந்திருக்கிறது.

டாக்டர் எங்களிடம் மட்டும் சொல்லிவிட்டார். நோயாளியிடம் சொல்ல வேண்டுமா?

பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மகள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். அவள் தாங்கமாட்டாள் என்று அம்மா தெரியாததுபோல நடித்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுவார்கள்.

எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொன்னது: "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர்." மறைக்கவில்லை. அந்தச் செய்தி தெரிந்ததால்தான் எசேக்கியா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார். பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஜெபமே இருந்திருக்காது.

இதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டாம். "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்பதை அவரே காட்டுவார். சிலர் "அதப் பத்திப் பேச வேண்டாம்" என்பார்கள். சரி, அதையும் மதிக்க வேண்டும்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். கடைசி மூச்சுவரை கேட்கலாம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஆண்டவரே கேட்டார். கேட்பது நம் பங்கு, கட்டளையிடுவது நம் பங்கு அல்ல.

நாங்கள் கத்தோலிக்கர். சாமியாரைக் கூப்பிட்டால் அம்மா பயந்துவிடுவார் என்று தள்ளிப்போடுகிறோம். சரியா?

பெயர் செய்த வேலை இது. நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிப்பதை உங்கள் பாட்டி காலத்தில் "அவஸ்தைப் பூசுதல்" என்பார்கள். சாகும் தறுவாயில் செய்வது என்றே மனதில் பதிந்துவிட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இதை "நோயில் பூசுதல்" என்று அழைப்பதே பொருத்தம், சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாகச் சொன்னது. ஆனாலும் பழைய பெயரின் பயம் வீடுகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் நினைவு தப்பியபின் ஓடிப்போய்க் கூப்பிடுகிறார்கள். நினைவோடு இருக்கும்போதே கூப்பிடுங்கள். பங்குத்தந்தையோடு சேர்ந்து அம்மாவும் வாயால் ஜெபம் சொல்லட்டும், தன் கையை நீட்டி எண்ணெயை வாங்கிக்கொள்ளட்டும். யாக்கோபு 5:14 சொல்வதும், வியாதிப்பட்டவன் தானே மூப்பர்களை வரவழைப்பதைப் பற்றித்தான்.

எனக்குச் சாக பயமாக இருக்கிறது. நான் நல்ல கிறிஸ்தவன் இல்லையா?

"கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்று பவுல் எழுதினார், உண்மை. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் பேராயர் பொலிக்கார்ப்பை, கிறிஸ்துவைப் பழித்துவிட்டு உயிர் தப்பிக்கொள் என்று சொன்னபோது, எண்பத்தாறு வருடம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் ராஜாவை எப்படிப் பழிப்பேன் என்று கேட்டார். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவர் ஆண்டவராகிய இயேசு. அவர் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். பயந்தவரைத்தான் நாம் பின்பற்றுகிறோம்.

சங்கீதம் 23ஐ எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களிலும் "அவர் என்னை நடத்துகிறார்", "அவர் தேற்றுகிறார்" என்று மேய்ப்பரைப் பற்றிப் பேசுகிறான். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அதுவரை தள்ளி நின்று சொன்னவன், இருட்டு வந்ததும் கிட்டப்போய் நேராகப் பேச ஆரம்பிக்கிறான். பயத்தை ஆண்டவரிடம் நேராகச் சொல்லுங்கள். அழகான வார்த்தை தேவையில்லை, "பயமா இருக்கு ஆண்டவரே" போதும்.

சாகும் தறுவாயில் ஒருவர் பேச வேண்டியது என்ன?

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் வருடாவருடம் கேட்கிறோம். ஒரு பட்டியலாக அல்ல, சாகிற ஒருவரின் பேச்சாக அதைக் கேட்டுப் பாருங்கள். தன்னைக் கொல்பவர்களை மன்னிக்கிறார். பக்கத்தில் சாகிறவனுக்கு நம்பிக்கை சொல்கிறார். "அதோ, உன் தாய்" என்று அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற வீட்டு விஷயத்தை முடிக்கிறார். தாகமாயிருக்கிறேன் என்கிறார். ஏன் கைவிட்டீர் என்று கேட்கவும் செய்கிறார். கடைசியில் "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதத்தின் வரி. யூதர்கள் இரவில் படுக்கப்போகும்போது சொல்லும் ஜெபத்தில் அந்த வரி இன்றும் இருக்கிறது.

எங்கள் பெரியம்மாவின் கடைசி வாரம் நான் கூடவே இருந்தேன். தண்ணீர் இறங்காது, பஞ்சை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, "உன் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு மட்டமானதுன்னு பத்துப் பேர் முன்னால சொன்னேனே, அத மன்னிச்சிரும்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தின பேச்சு. மருமகள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. அந்தக் குத்துவிளக்கைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பெரியம்மாவின் தலைமாட்டில் ஏற்றிவைத்தார். பெரியம்மா அதற்கப்புறம் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்தார். யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளுக்குச் செய்தது போலத்தான். யாரும் அவரை "அப்படிப் பேசாதீங்க" என்று தடுக்கவில்லை. தடுக்கப்போன ஒரு மாமாவை நானே வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது? எனக்கு வார்த்தையே வராது.

வராமல் இருப்பது நல்லதுதான். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

லண்டனில் 1948இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் நாற்பது வயதில் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் யாரும் கிட்ட இல்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற கிறிஸ்தவப் பெண் அவரைப் பார்க்கப் போவார். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று டாஸ்மா கேட்டபோது, அவர் மனப்பாடமாகத் தெரிந்த 23ஆம் சங்கீதத்தைச் சொன்னார். வாசித்துக் காட்டட்டுமா என்றபோது டாஸ்மா, வேண்டாம், உங்கள் மனதிலும் இருதயத்திலும் இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்றாராம். இறக்கும்போது ஐந்நூறு பவுண்டு விட்டுச்சென்றார், நீங்கள் தொடங்கப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவம் படித்து, 1967இல் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். மரணத்தறுவாயில் இருப்பவர்களுக்கான இன்றைய மருத்துவப் பராமரிப்பு அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது.

ஆகவே தேடிப் பிடித்த வசனங்களை வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பாதீர்கள். உங்களுக்குள் ஊறிப்போன ஒரு சங்கீதம் இருந்தால் அதை மெதுவாகச் சொல்லுங்கள். "என்ன பாவம் செஞ்சாரோ" என்ற பேச்சும், பிள்ளையை இழந்த தாயிடம் "நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார்" என்பதும் வேண்டவே வேண்டாம். அந்தத் தாய்க்கு அவர் பூப்பறிக்கிறவராகத் தெரிந்துவிட்டால், அப்புறம் யாரிடம் போய் அழுவாள்?

வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறார்கள். வலியைச் சகிப்பதுதானே சாட்சி?

நோயாளி கேட்டால் கொடுக்க விடுங்கள். நீதிமொழிகள் 31:6, மடிந்துபோகிறவனுக்கு மதுபானத்தைக் கொடுங்கள் என்கிறது. வலி குறைந்தால்தான் ஒருவரால் பேசவும் ஜெபிக்கவும் முடியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவரால் பிள்ளைகளை எப்படி ஆசீர்வதிக்க முடியும்?

அண்ணனிடம் நான் கடைசியாகப் பேசியது கெட்ட வார்த்தை. மறுநாள் விபத்தில் போய்விட்டார். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு. சிலுவைக்கு முன்னால் பேதுருவின் வாயிலிருந்து கடைசியாக வந்தது "அந்த மனுஷனை அறியேன்" என்பது, அதுவும் சபித்துச் சத்தியம்பண்ணி. சேவல் கூவியது, வெளியே போய் மனங்கசந்து அழுதான். இயேசு உயிர்த்தெழுந்து கடற்கரையில் அவனைச் சந்தித்தபோது அந்த வார்த்தையை எடுத்து முகத்தில் வீசவில்லை. "என்னில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரம் மறுத்தவனுக்கு மூன்று தரம் பதில் சொல்ல இடம் கொடுத்தார்.

உங்கள் அண்ணனும் நீங்களும் எத்தனை வருடம் ஒன்றாகச் சாப்பிட்டிருப்பீர்கள்! கடைசி நாள் பேச்சு மட்டும்தான் உறவு என்று யார் சொன்னது? அந்த வார்த்தையை ஆண்டவரிடம் அப்படியே சொல்லி அறிக்கையிடுங்கள். அப்புறம் அண்ணன் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். என் சித்தப்பாவிடம் நான் போய் நிற்க எட்டு மாதம் ஆனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி போடச் சொன்னார்.

"கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோமே, இது மட்டும் மூடி மறைப்பது இல்லையா?

இல்லை. பயத்தில் மறைப்பது வேறு, நம்பிக்கையில் பெயர் வைப்பது வேறு. தூங்குகிறவன் எழும்புவான் என்பதால் ஆதிச் சபையார் அந்தச் சொல்லை எடுத்தார்கள். அடக்கம் செய்யும் இடத்துக்குக் கிரேக்கத்தில் "கொய்மெத்தேரியோன்" என்று பெயர், உறங்கும் இடம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் செமட்ரி என்பது அதிலிருந்து வந்ததுதான்.

அதற்காக அழக் கூடாது என்றில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார், துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

நினைவு தப்பிவிட்டது. இனி பேசிப் பிரயோஜனம் உண்டா?

கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்படித்தான் அனுபவமுள்ள நர்ஸ்களும் சொல்வார்கள். காதோரம் குனிந்து, முதலில் நீங்கள் யார் என்று பெயரைச் சொல்லுங்கள். நன்றி சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், "நாங்க பாத்துக்கிடுவோம், நீங்க நிம்மதியா போங்க" என்று சொல்லுங்கள். கட்டிலுக்கு மேலே சொத்துக் கணக்கும் பெட்டிக்கான விலையும் பேசாதீர்கள்.

என் அடக்கத்தைப் பற்றி இப்போதே எழுதிவைப்பது அபசகுனமா?

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் கடைசி இருபது வருடம் பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். 1951இல் அவர் இறந்தபோது, பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்தார்கள். முன்கூட்டியே சொன்னதால் நடந்த அழகு அது.

நானும் என் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்திருக்கிறேன். 31ஆம் சங்கீதம் வாசிக்க வேண்டும். என்னைப் பற்றிய சாட்சி ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மைக்செட் வேண்டாம். நான் யாரையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டால், என்ன நேரமானாலும் அவரைக் கூப்பிட்டு வர வேண்டும். பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் சித்தப்பா பிள்ளைகள் பிடிக்க வேண்டும்.